சுத்தம் செய்வதற்கு முன்

ஜனவரி 20, திங்கள்

வந்து சேர்ந்தேன். கார் அனுப்புவதாகச் சொன்னவர் அனுப்பவில்லை. பொள்ளாச்சியில் பஸ் மாறி, மில் ஸ்டாப்பில் இறங்கி, ஒரு தோளில் கேமரா பை, மறு தோளில் லைட் ஸ்டாண்டு, கையில் அம்மா கட்டிக்கொடுத்த கருப்பட்டி மிட்டாய் என்று பொதி சுமந்துகொண்டு பங்களாவுக்குள் நுழைந்தேன். "அடடா, மறந்தே போச்சுங்க" என்று சிரித்தார் கிருபாகரன். மில்லின் இப்போதைய முதலாளி இவர்தான். சிரிப்பு நன்றாகத்தான் இருக்கிறது, தோள்வலிதான் போகவில்லை.

இவருடைய அப்பா சென்னியப்பன் வாழ்நாள் முழுக்கத் தேடித் தேடிப் பழைய ஆயுதங்கள் வாங்கியவர். வாள், கட்டாரி, ஈட்டி, வளரி, கேடயம், நாட்டுத் துப்பாக்கி என்று ஒரு கூடம் நிறைய வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் கோகிலவாணி கனடாவில் இருக்கிறார். அண்ணனும் தங்கையும் பங்கு பிரிப்பதற்கு முன் என்னென்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் நான். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, அளந்து, எடை போட்டு, விவரம் எழுதிக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கடைசியில் ஒரு புத்தகமாகவும் அச்சாகும்.

நான் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். புத்தகத்தின் அட்டையில் என் பெயர் வர வேண்டும். முன்பு வேலை பார்த்த அருங்காட்சியகத்தில் ஆறு வருடம் ஒப்பந்த ஊழியராக இருந்து செப்புத் திருமேனிகள் அத்தனைக்கும் விவரம் எழுதியது நான். புத்தகம் வந்தபோது அட்டையில் இருந்தது அதிகாரியின் பெயர். நன்றியுரையில்கூட நான் இல்லை. அம்மா அதற்குள் தூத்துக்குடியில் தெரு முழுக்க லட்டு கொடுத்து முடித்திருந்தாள். அந்த லட்டை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

"இசக்கியம்மாள்னு முழுசா போடோணுமுங்களா? இசைன்னு போட்டா ஸ்டைலா இருக்குமுங்களே?" என்றார் கிருபாகரன்.

"முழுசாத்தான் சார் வேணும். இனிஷியலோட."

"போட்டுர்லாமுங்க. அதுக்கென்ன."

தன் பங்கை வைத்து மில்லின் பழைய பஞ்சுக் கிடங்கில் ஒரு அருங்காட்சியகம் ஆரம்பிக்கும் யோசனையும் உண்டு, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றும் சொன்னார். நான் ஆர்வம் காட்டிக்கொள்ளவில்லை. அறைக்கு வந்தபிறகு கண்ணாடியில் பார்த்தால் பல்லெல்லாம் தெரிகிறது.

ஜனவரி 21

கூடத்தைத் திறந்ததும் எனக்குத் தலை சுற்றியது. தேங்காய் எண்ணெய் வாடை. சுவர் நிறையத் தொங்கும் ஆயுதங்கள் ஒவ்வொன்றிலும் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமப் பொட்டு. வாளின் பிடியில், கேடயத்தின் நடுவில், துப்பாக்கியின் குழலில், ஒன்றையும் விடவில்லை. பொட்டைச் சுரண்டினால் அடியில் துரு.

"என்ன அண்ணாச்சி இது அநியாயம்?" என்றேன்.

கூடத்தைப் பார்த்துக்கொள்பவர் ராக்கியப்பன். மில்லில் பிட்டராக இருந்து, பெரியவர் சென்னியப்பன் கூப்பிட்டதால் இங்கே வந்தவர். பங்களாவின் பின்னால் ஒரு வீட்டில் மனைவி மயிலாத்தாளோடு இருக்கிறார். வாய் ஓயாது.

"ஆயுத பூசைக்கு வெச்சதுங்க அம்மிணி. வருசா வருசம் என்ற கையாலதான் வெக்கறது. பெரீவரு சொல்லீட்டாருங்க, ஒண்ணு உடாம வெக்கோணும்னு."

"சந்தனத்துல தண்ணி இருக்கு. இரும்புல தண்ணி பட்டா என்ன ஆகும்?"

"அதுக்குத்தானுங்களே எண்ணெய் தேய்க்கறது!"

இந்த ஆளோடு மூன்று மாதம் ஓட்ட வேண்டும். இனிமேல் ஒரு துளி எண்ணெயோ சந்தனமோ எதன் மேலும் படக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். முகம் சுருங்கிப்போய்விட்டது. சுருங்கட்டும்.

பிறகு அவருடைய குடலிறக்க ஆபரேஷன் கதையை முழுதாகக் கேட்க வேண்டியிருந்தது. ஆயுத பூஜை முடிந்த அன்று சாயங்காலமே சாவியைக் கிருபாகரன் கையில் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாராம். அப்புறம் தாராபுரத்தில் மகள் வீட்டில் படுக்கையாம். பொங்கலுக்குத் திரும்பி வந்தும் கூடத்தின் சாவி வரவில்லையாம்.

"இன்னைக்குக் காத்தாலதானுங்க சாவியே கைக்கு வந்துது. நீங்க வந்தீங்களோ, நானும் உள்ள வந்தன்" என்றார்.

தையல் போட்ட இடத்தைக் காட்டவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஜனவரி 23

மேசை, வெள்ளைத் துணி, இரண்டு விளக்கு, அளவுகோல், நிறம் சரிபார்க்கும் அட்டை எல்லாம் தயார். ஒவ்வொரு பொருளையும் இரண்டு முறை எடுப்பது என் வழக்கம். கைக்கு வந்த நிலையில் முதலில். அழுக்கு, துரு, பொட்டு எல்லாவற்றோடும் எடுத்து "சுத்தத்திற்கு முன்" என்ற ஃபோல்டரில் போடுவேன். பிறகு துடைத்து, மெழுகு பூசி, மறுபடி எடுத்து "சுத்தத்திற்குப் பின்" ஃபோல்டரில். தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே பதிவாகிவிடும். எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி ஹார்ட் டிஸ்க்கிலும் போடுவேன். எந்தப் பொருள் எந்த நிலையில் என் கைக்கு வந்தது என்பதில் நாளைக்கு எவனும் என்மேல் குறை சொல்ல முடியாது.

கிருபாகரன் எட்டிப் பார்த்து, "எதுக்குங்க ரெண்டு தடவை?" என்றார். விளக்கினேன். பாடம் நடத்துவது போல ஆகிவிட்டது. போனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

மாலையில் சட்டைகளைத் துவைத்தேன். மில் பஞ்சு காற்றில் பறந்து ஈரத்துணியில் ஒட்டிக்கொள்கிறது.

ஜனவரி 27, திங்கள்

இன்று நடுக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் ஐந்து உருக்கு வாள்கள். இந்த வீட்டின் பெருமையே இவைதான். இரும்பின் உடம்பில் அலையலையாகக் கோடு ஓடும். பெரியவர் ஹைதராபாத்தில் ஒரு நவாப் குடும்பத்திடம் வாங்கியவை என்கிறார்கள்.

பெட்டியைத் திறந்தால், ஐந்தில் ஒன்றுக்கும் பொட்டு இல்லை. இத்தனை நாள் பொட்டைப் பார்த்துப் பார்த்து எரிச்சலடைந்த எனக்கு இப்போது பொட்டு இல்லாததைப் பார்த்தும் எரிச்சல்தான் வந்தது.

"மத்ததுக்கெல்லாம் அப்பி வச்சிருக்கீங்க. இதுக்கு மட்டும் சோம்பலா?"

ராக்கியப்பன் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

"வெச்சனுங்களே அம்மிணி. மொதப் பொட்டே இந்த அஞ்சுக்குத்தானுங்க. தாம்பாளத்துல வெச்சு, மாலை போட்டு, மில்லுக்கு எடுத்துக்கிட்டுப் போயி, மிசின் முன்னால வெச்சுத்தான் பூசைங்க. மில்லே பாத்துதுங்களே!"

"அப்ப பொட்டு எங்க போச்சு? எறும்பு தின்னுட்டா?"

"தெரியிலீங்."

"வைக்கலைன்னா வைக்கலைன்னு சொல்லுங்க அண்ணாச்சி. நானா உங்களுக்குச் சம்பளம் குறைக்கப் போறேன்?"

அவர் குரல் உயர்ந்துவிட்டது. பெரியவர் மேல் சத்தியம், மாரியம்மன் மேல் சத்தியம். நானும் விடவில்லை. வேலை செய்யாமலே செய்ததாகச் சொல்லும் ஆண்களை அருங்காட்சியகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசியில் வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் வரை உள்ளே வரவில்லை. ஐந்தையும் நானே தூக்கி வைத்துப் படம் எடுத்தேன்.

தூக்கியபோது கை ஒப்பவில்லை. இந்த நீளத்துக்கு இன்னும் கனம் இருக்க வேண்டும். மத்தியானம் சரியாகச் சாப்பிடாததால் கை அப்படி நினைத்திருக்கலாம்.

ஜனவரி 30

கரண்டு இல்லை. வேலை இல்லை.

பிப்ரவரி 11

சுத்தம் செய்ய ஆரம்பித்துவிட்டேன். மெல்லிய தூரிகை, பஞ்சு, ஸ்பிரிட், பொறுமை. வருடக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த சந்தனம் ஏடு ஏடாக உரிகிறது. ராக்கியப்பன் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு பொட்டு போகும்போதும் உச்சுக்கொட்டுகிறார். உதிர்ந்த சந்தனத்தைப் பெருக்கிக் குப்பையில் போடாமல் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போகிறார்.

உருக்கு வாள்களைத் துடைத்தபோது பஞ்சில் கறுப்பு வந்தது. துடைத்த இடத்தில் அலைக்கோடு கொஞ்சம் மங்கியது போல இருந்தது. பழைய மெழுகு கரைந்து வந்திருக்கும். மேற்கொண்டு அழுத்தித் துடைக்கவில்லை. வாளின் காலம் பற்றிக் கிருபாகரனிடம் கேட்டேன்.

"அப்பா சொன்னது பதினேழாம் நூற்றாண்டுங்க. அப்படியே போட்ருங்க. அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அப்படியே போட்டேன். வீட்டுக்காரர் சொல்லும் வரலாற்றைப் பதிவு செய்வதும் இந்த வேலையின் முறைதான்.

பிப்ரவரி 28, வெள்ளி

மயிலாத்தாள் அரிசிம்பருப்புச் சோறு கொடுத்தனுப்பினார், மேலே நெய் மிதக்க. கேன்டீன் சாம்பாரில் செத்துக்கிடந்த நாக்குக்கு உயிர் வந்தது. ராக்கியப்பனோடு சமாதானமாகிவிட்டேன் என்று சொல்லலாம். இப்போதெல்லாம் விளக்கைப் பிடிக்கச் சொன்னால் கல்லாக நின்று பிடிக்கிறார். மில்லில் மிஷின் சத்தத்துக்குள் கத்திப் பேசிப் பழகியவர், பக்கத்தில் நிற்கும் என்னிடமும் அடுத்த ஊருக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுகிறார்.

நான் பாத்திரம் கழுவப் போன நேரத்தில் என் டிரைபாடின் மூன்று காலிலும் குங்குமம் வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமையாம். "இதும் ஆயுதந்தானுங்களே அம்மிணி, உங்குளுக்குச் சோறு போடறது" என்கிறார். சிரிப்பு வந்துவிட்டது. அவர் போனதும் துடைத்துவிட்டேன்.

மார்ச் 9

அம்மா போனில், "ஏட்டி, பேரு போடுதாங்களா?"

"போடுவாங்கம்மா."

"அட்டையிலயா, உள்ளயா?"

"அட்டையில."

"கண்ணால பாத்தப்புறம் சொல்லு. லட்டு பிடிக்க அவசரமில்ல."

மார்ச் 21, வெள்ளி

புத்தக வடிவமைப்பு கோயம்புத்தூரிலிருந்து வந்தது. அட்டையில் பெரிய எழுத்தில் "தொகுப்பு: செ. கிருபாகரன்". கடைசிப் பக்கத்தில், ஆயுதங்களுக்கு மெழுகு கொடுத்த கடைக்கும் லாரி டிரைவருக்கும் நடுவில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர். அதுவும் "செல்வி. இசை".

ஒரு வாளைக்கூடத் தூக்கி எடை போடாதவர் தொகுத்திருக்கிறார். ஆபீசுக்குப் போய்க் கேட்டேன்.

"டிசைன் பண்றவன் தப்பு பண்ணீட்டானுங்க. பாக்கலாமுங்க" என்றார்.

"பாக்கலாமுன்னா?"

"பாக்கலாமுங்கன்னா பாக்கலாமுங்க."

அருங்காட்சியக அதிகாரியும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். அறைக்கு வந்து ஒரு மூச்சு அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு மிச்சமிருந்த கேடயங்களுக்கு எண் எழுதினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

கோகிலவாணி அனுப்பிய மதிப்பீட்டாளர் மும்பையிலிருந்து வந்தார். குட்டையான மனிதர், பையில் பூதக்கண்ணாடி. கூடத்தைச் சுற்றி வந்து தலையாட்டிக்கொண்டே போனவர் நடுப் பெட்டிக்கு வந்ததும் நின்றுவிட்டார். ஐந்து வாள்களையும் ஒவ்வொன்றாக எடுத்தார், ஆட்டிப் பார்த்தார், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒரு மூலையில் அழுத்தித் தேய்த்தார். நான் தேய்க்காமல் விட்ட மூலை அது. ஐந்தும் புதிதாகச் செய்தவை, கோடுகள் அமிலத்தால் வரைந்தவை, ஒரு வருடம்கூட ஆகியிருக்காது என்றார்.

கிருபாகரன் அதிர்ச்சியடைந்தார். அதிர்ச்சியடைந்ததாகத்தான் தெரிந்தது. மதிப்பீட்டாளர் முன்னிலையிலேயே ராக்கியப்பனைக் கூப்பிட்டார்.

"எங்கப்பன் உன்னைய நம்பி சாவி குடுத்தாரு. என்ன பண்ணுன? யாருக்கு வித்த?"

"மொதலாளி, நானுங்களா?"

"சாவி யாருகிட்ட இருந்துது இத்தனை வருசமா?"

ராக்கியப்பன் என்னைப் பார்த்தார். நான் மதிப்பீட்டாளரின் கையில் இருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுத்திருந்தது.

மதியம் போலீஸ் வந்தது. ஐந்து வாள்களையும் துணியில் சுற்றி ஜீப்பில் ஏற்றினார்கள். ராக்கியப்பனையும் ஏற்றினார்கள். மேல்சட்டை போட்டுக்கொள்ளக் கேட்டார், விடவில்லை. மயிலாத்தாள் சட்டையை எடுத்துக்கொண்டு ஜீப்பின் பின்னால் கேட் வரை ஓடினார்.

ஏப்ரல் 3

வேறு வேலையாகக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். "சுத்தத்திற்கு முன்" ஃபோல்டரில் ஜனவரி 27 படங்கள் கண்ணில் பட்டன. ஐந்து வாள்கள். ஐந்திலும் பொட்டு இல்லை. அதற்கு முன்னால் எடுத்த கட்டாரியில் பொட்டு இருக்கிறது, பின்னால் எடுத்த ஈட்டியில் பொட்டு இருக்கிறது. இவை ஐந்தில் மட்டும் சந்தனத்தின் கறைகூட இல்லை.

ஒரு பொட்டு இல்லாததை வைத்து யாரும் எதையும் நிரூபித்துவிட முடியாது. நான் வழக்கறிஞர் அல்ல. ஆயுதங்களை விவரப்படுத்த வந்தவள்.

மாலையில் கிருபாகரன் தானே காபி எடுத்துக்கொண்டு என் அறை வாசலுக்கு வந்தார். மூன்று மாதத்தில் இதுதான் முதல் முறை. கூடவே புத்தக அட்டையின் புது மாதிரி. கரும்பச்சை நிறம். நடுவில் தங்க எழுத்தில்: "விவரத் தொகுப்பு: இ. இசக்கியம்மாள், எம்.ஏ." வேறு யார் பெயரும் இல்லை.

"டிசைன் பண்றவன நல்லா டோஸ் உட்டனுங்க" என்றார். "கிடங்குல வெள்ளையடிக்கவும் ஆள் சொல்லீட்டன். ஜூன்ல நீங்க வந்து சேந்தர்லாம்."

"நன்றி சார்."

"அப்பறம் அந்த அழுக்குப் படமெல்லாம் இருக்குதுங்களே, சுத்தம் பண்றதுக்கு முன்னாடி எடுத்தது. அது எதுக்குங்க மத்தவங்க பார்வைக்கு? நம்ம வீட்ட நாம எப்புடி வெச்சிருந்தம்னு ஊரே பேசும். அந்த டிஸ்க்க எங்கிட்ட குடுத்துருங்க. கம்ப்யூட்டர்லயும் வேண்டாமுங்க."

காபியில் சர்க்கரை அதிகம்.

ஏப்ரல் 5

ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தேன். கம்ப்யூட்டரிலும் ஃபோல்டரை நீக்கினேன். படங்களின் உரிமை வீட்டுக்காரருக்கு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. எப்படியும் கொடுத்திருக்க வேண்டியதுதான்.

அந்தப் படங்கள் இன்னும் அழியாமல் இருக்கும் கேமரா மெமரி கார்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஏப்ரல் 6

மயிலாத்தாளை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். அம்மியை வண்டியில் ஏற்ற நான்கு பேர் தேவைப்பட்டார்கள். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அட்டவணையில் எழுத்துப்பிழை திருத்தினேன். நிறைய இருந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஊருக்குப் போகப் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். மயிலாத்தாள் என்னைத் தேடிக்கொண்டே வந்தார். பங்களாவில் கேட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது. மகள் வீட்டில் இருக்கிறாராம். ராக்கியப்பன் இன்னும் உள்ளேதான். தையல் போட்ட இடத்தில் அடிபட்டுச் சீழ் வைத்திருக்கிறதாம். அடிபட்டு என்று மட்டும் சொன்னார்.

"கண்ணு, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். அந்த அஞ்சு வாளுக்கும் பூசையன்னைக்கு இவுரு பொட்டு வெச்சத மில்லே பாத்துச்சுங்க. அன்னைக்கே சாவிய மொதலாளிகிட்ட குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டம். நீங்க வந்து பாத்தப்ப பொட்டு இல்லீன்னு இவரோட சண்ட போட்டீங்களாமா. அப்ப நடுவுலதானுங்களே வாளு மாறியிருக்கோணும்? நடுவுல சாவி யாருகிட்ட இருந்துதுங்க?"

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

"வக்கீலு சொல்றாரு, வாயில சொன்னா எடுபடாதாமா. ஒரு போட்டோ இருந்தா போதும்னாரு. நீங்க புடிச்சீங்கல்ல கண்ணு? பொட்டு இல்லாதது அதுல தெரியுமில்லீங்க?"

"நான் எல்லாத்தையும் சுத்தம் பண்ணின பிறகுதான் படம் எடுத்தேன்" என்றேன்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணுகூடப் புடிக்கிலீங்களா?"

"இல்லம்மா."

"அந்தச் சண்டையாச்சும் நடந்துதுன்னு கோர்ட்டுல வந்து சொல்லுவீங்களா?"

"நெறைய விஷயத்துக்குச் சண்டை போட்டோம். எந்த நாள் எதுக்குன்னு ஞாபகம் இல்ல."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். "செரி கண்ணு, நேரமாச்சு, பஸ்ஸுக்குள்ள எடம் புடி" என்று சொல்லி, பையிலிருந்த இரண்டு கொய்யாப்பழத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

மதுரை வரை நின்றுகொண்டேதான் வந்தேன். கொய்யா பையிலேயே கனிந்து கேமரா உறையெல்லாம் பிசுபிசுப்பு. என்ன மனிதர்களோ, ஒரு பழத்தைக்கூடக் காயாகக் கொடுக்கத் தெரியாது. ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று தெரியவில்லை.

மே 14

புத்தகம் தூத்துக்குடிக்கு வந்துவிட்டது, கனமான அட்டை, பளபளப்புத் தாள். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவினாள். லட்டு பிடித்தாள். தெருவில் எல்லா வீட்டுக்கும் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். அருங்காட்சியகத்து அதிகாரிக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்றாள்.

உருக்கு வாள்களின் பக்கத்தில் "மூலப் பொருள்கள் வீட்டுப் பணியாளரால் களவாடப்பட்டு, போலிகள் வைக்கப்பட்டன" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். நான் எழுதியது அல்ல. ஆனால் அட்டையைப் பார்ப்பவருக்கு நான் எழுதியதாகத்தான் தெரியும்.

எனக்கு லட்டு இறங்கவில்லை. சர்க்கரை அதிகம் என்றேன். "ஒனக்கு எப்பவும் ஒரு குறை" என்றாள் அம்மா.

ஜூன் 16, திங்கள்

கிடங்கு அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கூடத்து ஆயுதங்களும் கண்ணாடிப் பெட்டிகளும் இங்கே வந்துவிட்டன. மேசைமேல் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். முழுப் பெயர், இனிஷியலோடு.

ஜூலை 8

ராக்கியப்பனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. திங்கள்தோறும் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். தாராபுரத்திலிருந்து வருகிற பஸ் மில் கேட்டில்தான் நிற்கிறது. வாட்ச்மேன் சொன்னார்: "ஆளே பாதியாப் போயிட்டாருங்க மேடம். எறங்கி இந்தப் பக்கம் ஒருக்காப் பாத்துட்டுத்தான் நடப்பாரு."

திங்கட்கிழமைகளில் நான் பின்வாசல் வழியாக வருகிறேன். அது எனக்குக் கிட்ட.

செப்டம்பர் 12

பூச்சி மருந்து அடித்தோம். மூன்று நாள் தும்மல்.

அக்டோபர் 1, புதன்

இன்று ஆயுத பூஜை.

பொட்டு யார் வைப்பது என்று காலையிலேயே மில் ஆட்கள் வந்து கேட்டார்கள். இனிமேல் எதன் மேலும் சந்தனம் படக்கூடாது என்று விதி போட்டவள் நான்தான். அதைக் கிருபாகரனிடம் சொன்னேன்.

"ஒரு நாளைக்குங்க. ஆளுங்க மனசு கஷ்டப்படும். நீங்களே வெச்சிருங்க, இப்ப நீங்கதானே பொறுப்பு."

கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக் கொடுத்தார்கள். மோதிர விரலால் தொட்டு ஒவ்வொன்றுக்கும் வைத்துக்கொண்டே போனேன். கட்டாரி, ஈட்டி, கேடயம். ராக்கியப்பன் எந்த இடத்தில் வைப்பாரோ அதே இடத்துக்குத்தான் விரல் போகிறது. ஒவ்வொரு பொட்டையும் உரித்தவள் ஆயிற்றே, இடம் எப்படி மறக்கும். நடுக் கண்ணாடிப் பெட்டி காலியாக இருக்கிறது. வாள்கள் கோர்ட்டில்.

மில்லுக்கு எடுத்துப்போகத் தாம்பாளம் தயாராக இருந்தது. பொரி, கடலை, மாலை எல்லாம் இருந்தன. வாள்தான் இல்லை. வயதான தொழிலாளி ஒருவர், "போன வருசம் ராக்கியப்பண்ணன் கையால அஞ்சு வாளு போச்சுங்க. வெறுந் தாம்பாளத்த எப்படிங்க எடுக்கறது?" என்றார்.

கிருபாகரன் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து தாம்பாளத்தில் வைத்தார்.

"இத வெச்சுக் கும்புடலாம். எல்லா ஆயுதமும் இதுக்குள்ளதானே இருக்குது. மேடம், பொட்டு வைங்க."

கரும்பச்சை அட்டையில் தங்க எழுத்து. எங்கே வைப்பது என்று விரல் தயங்கியது.

"பேரு மேலயே வைங்க" என்றார். "உங்க பேருதானுங்களே."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வைத்தேன். சந்தனம் அதிக ஈரம், வழவழப்பான அட்டையில் நிற்கவில்லை, எழுத்துகளின் மேல் வழிந்தது. அதன்மேல் குங்குமம் வைத்தேன். மணி அடித்துத் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மிஷின்களை நிறுத்தியிருந்ததால் மில் முழுக்க ஒரு சத்தமும் இல்லை.

சாயங்காலம் புத்தகம் என் மேசைக்குத் திரும்பி வந்தது. பொட்டு காய்ந்துவிட்டது. ஸ்பிரிட் இருக்கிறது, பஞ்சு இருக்கிறது, மெமரி கார்டு கேமரா பையின் உள்பையில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. துடைக்க எடுத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு படம் மட்டும் எடுத்தேன், பொட்டோடு, எப்போதும் போல முதலில்.

எந்த ஃபோல்டரில் போடுவது என்று தெரியவில்லை. இன்னும் கேமராவிலேயே இருக்கிறது.